பட்டாலைச் சுவரில் உள்ள முன்னோர் படங்களை ஆவணப்படுத்துவது எப்படி?

செட்டிநாட்டு வீடுகளின் பட்டாலை என்னும் கூடத்துச் சுவரில், சற்றே முன்னோக்கிச் சாய்ந்தபடி வரிசையாக மாட்டியிருக்கும் முன்னோர் படங்களை, முன்னோரை வழிபடும் படைப்பு நாளில் துடைத்துப் பூச்சூட்டுவதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். வரலாற்று ஆய்வாளருக்கு அவை பத்திரங்களுக்கும் கணக்கேடுகளுக்கும் இணையான சான்றுகள். கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வீட்டில் சேர்த்துவைத்த நூல்களும் இதழ்களும்தான் 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளமாயின. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்னுருவாக்கியிருக்கிறது. ஆகவே நம் வீட்டுச் சுவரிலும் ஒரு காப்பகம் இருக்கிறது என்று கொண்டு, முதன்முறை இவ்வேலையில் இறங்குவோருக்காக இதை எழுதுகிறேன்.

முதற்படி: கழற்றாமல் பார்த்தல்

ஆர்வத்தில் உடனே ஏணியைப் போட்டுப் படத்தை இறக்கிவிடாதீர்கள். யார் பக்கத்தில் யார் இருக்கிறார், வாசலுக்கு நேரே யார் படம் இருக்கிறது, ஆச்சிமார் (மணமான பெண்கள்) படங்கள் பட்டாலையில் உள்ளனவா அல்லது உள்கட்டில் மட்டும் உள்ளனவா என்பவையும் சான்றுகளே. படத்தை இறக்கிய கணமே அவை அழிந்துவிடும். முழுச் சுவரையும் படமெடுத்து, ஒரு தாளில் சுவரை வரைந்து, ஒவ்வொரு படத்துக்கும் எண் கொடுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கும் படங்களைப் பாருங்கள்: முகம் தெளிவாக இருக்கிறது, சட்டம் தேக்கில் இருக்கிறது, எந்த ஊர் எந்த வீடு என்பது மட்டும் இல்லை.

இரண்டாம் படி: முன்பக்கம்

கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை ஒருபோதும் பிரிக்க முயலாதீர்கள். உருவம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே படமெடுங்கள். இரு பக்கமும் சாய்வாக வெளிச்சம் விழட்டும், ஃபிளாஷ் வேண்டாம், கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்தால் கண்ணாடியில் உங்கள் நிழல் தெரியாது. அளவுகோல் ஒன்றை ஓரத்தில் வையுங்கள். சட்டமில்லாத படங்களை ஸ்கேனரில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில், தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமிப்பது நல்லது.

மூன்றாம் படி: பின்பக்கம்

என் அனுபவத்தில் பாதிச் செய்தி இங்கேதான் இருக்கிறது. இரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று ஸ்டுடியோ முத்திரை இருந்தால் அக்குடும்பத்தின் கொடுக்கல் வாங்கல் எந்தக் கரையில் நடந்தது என்பதற்கு அது ஒரு தடயம். பெயருக்கு முன் உள்ள எழுத்துகளை ஒன்றுகூட விடாமல் எழுதுங்கள், ஏனெனில் அவை விலாசம், அதாவது குடும்பத்தை அடையாளம் காட்டும் முன்னெழுத்துகள். நகரத்தாரில் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களில்) மூத்த பேரனுக்கு ஐயா, அதாவது தாத்தா பெயரை வைப்பதால் ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை திரும்ப வரும். பிள்ளை கூட்டியிருந்தால், அதாவது தத்தெடுத்திருந்தால், விலாசமே மாறும். எனவே பெயரோடு நின்றுவிடாமல், இன்னார் மகன், இன்னார் பேரன், எந்தக் கோயில் பிரிவைச் சேர்ந்தவர் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

எங்கள் வீட்டுப் படம் ஒன்றைச் சொல்கிறேன். மாலையும் கழுத்துமாக ஒரு வயதான தம்பதி. பின்னால் ஒட்டிய பழுப்புத்தாளில் பென்சிலால் “யுவ ௵ தை ௴” என்று மட்டும் இருக்கிறது (௵ ஆண்டையும் ௴ மாதத்தையும் குறிக்கும்). யுவ ஆண்டு 60 ஆண்டுக்கு ஒருமுறை வருவது. அதன் தை மாதம் 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது தாளின் நார் தெரியவில்லை, கறுத்த ஓரங்களில் வெள்ளி பூத்ததுபோல் நீல மினுக்கம் இருந்தது. இரண்டும் ஜெலட்டின் பூச்சுள்ள தாளில் எடுத்த அச்சின் அடையாளங்கள். 1876இல் வழங்கிய ஆல்புமின் (முட்டை வெண்கருப் பூச்சு) அச்சில் நார் தெரியும், வெளிர்ப் பகுதிகள் மஞ்சளித்திருக்கும். ஆகவே படம் 1936. மாலைகள் அறுபதாம் கல்யாணத்துக்கு உரியவை என்றால் இன்னொன்றும் கிடைக்கிறது: அறுபது நிறையும்போது பிறந்த ஆண்டே திரும்புவதால், அந்த ஐயா 1876 தையை ஒட்டிப் பிறந்திருக்க வேண்டும்.

அதே சுவரில் இருந்த மற்றொரு படத்தைப் பல ஆண்டுகளுக்கு முன் புதுச் சட்டம் போடக் கொடுத்தோம். கடையில் பழைய பின்தாளைக் கிழித்து எறிந்துவிட்டார்கள். அதில் இரண்டு வரி எழுதியிருந்தது என்று மட்டும் அப்பத்தா சொன்னார்கள். அந்தப் படத்தில் உள்ள ஆச்சியின் பெயரை இன்றுவரை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வருத்தம் எனக்கு ஆறவில்லை.

நான்காம் படி: கேட்டல்

வீட்டின் மூத்த ஆச்சியிடம் படத்தைக் காட்டி, “இது பெரிய ஐயாதானே?” என்று கேட்காதீர்கள், “இவுக யாரு ஆச்சி?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். இசைவு பெற்று ஒலிப்பதிவு செய்யுங்கள். “அந்தக் கைக்கடிகாரம் ஸ்டுடியோக்காரன் மாட்டிவிட்டது” என்று ஓர் ஆச்சி எனக்குச் சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு பாடமே இருக்கிறது. படத்தில் உள்ள நாற்காலி, புத்தகம், திரைச்சீலை எல்லாம் அவர் வைத்திருந்த சொத்தைக் காட்டுவதாகக் கொள்ள முடியாது. தம்மை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பினார் என்பதைக் காட்டுகின்றன, இன்றைய ஆய்வாளர்கள் தேடுவதும் அதைத்தான். கணவர் முகத்தில் இடப்புறமும் மனைவி முகத்தில் வலப்புறமும் வெளிச்சம் விழுந்திருந்தாலோ, கால்கள் தரையில் பொருந்தாமல் நின்றாலோ, ஒருவர் மறைந்த பிறகு இரு படங்களை இணைத்து வண்ணம் தீட்டியதாக இருக்கலாம்.

ஐந்தாம் படி: பதிதல்

ஒரு விரிதாளில் கண்டது, கேட்டது, ஊகித்தது என மூன்று பத்திகளைத் தனித்தனியே வையுங்கள். மேற்சொன்ன படத்தில் “யுவ ௵ தை ௴” கண்டது, 1936 ஊகித்தது. இவற்றைக் கலந்துவிட்டால் பின்னால் வருபவர் உங்கள் ஊகத்தையே சான்றாக எடுத்துக்கொள்வார். கோப்புப் பெயரில் சுவர் எண் இருக்கட்டும். பிரதிகள் மூன்றை வெவ்வேறு இடங்களில் வையுங்கள். இணையத்தில் இடும் முன் பங்காளிகள் அனைவரிடமும் கேளுங்கள்.

பிறகு, இறக்கிய படத்தை அதே ஆணியில் மாட்டுங்கள். பின்பலகை கரையான் அரித்திருந்தால் அமிலமற்ற அட்டை போடுங்கள். கழற்றிய பழுப்புத்தாளை, கிழிசலாக இருந்தாலும், ஓர் உறையிலிட்டுப் படத்தின் எண்ணைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.