மனசில் கிடப்பதைக் கொப்பியில் இறக்குங்கள்

அம்மா இறந்தபின் அவரது கொழுந்துக் கூடை இஸ்தோப்பு மூலையிலேயே கிடந்தது, பார்த்தாலே தொண்டை அடைக்கும். மறக்கப் பார்த்தால் இன்னும் கூடத்தான் வரும். சரி, எழுதிப் பாருங்கள்: தினம் 15 நிமிஷம், தொடர்ந்து 4 நாள், நடந்ததையும் அப்போது மனசு பட்ட பாட்டையும், எழுத்துப்பிழை பார்க்காமல், யாருக்கும் காட்டாமல். 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் மாணவர்களை வைத்துச் செய்து பார்த்த முறை இது. எழுதிய உடனே பாரம் கூடின மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள், முகம் கழுவி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் பக்கத்துக் காம்பராவில் யாரிடமாவது பேசிக்கொண்டிருங்கள். கொப்பியை அப்புறம் அடுப்பில் போட்டாலும் சரிதான். துக்கம் நேற்றுத்தான் நடந்ததென்றால் கொஞ்ச நாள் போகட்டும். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் தனியாக இருக்காதீர்கள், 1926க்கு எடுங்கள், அது இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம்.