கருத்துப்படத்தில் பழைய நகைச்சுவையைத் தவிர்ப்பது எப்படி

செய்தியைப் படித்ததும் மனத்தில் தோன்றும் முதல் யோசனையைத் தாளின் ஓரத்தில் குறித்துவைத்துவிட்டு, அதை வரையாமல் விட்டுவிடுங்கள். அதே செய்தியை அதே நாளில் படிக்கும் மற்ற கார்ட்டூனிஸ்டுகளுக்கும் பெரும்பாலும் அதுவே தோன்றியிருக்கும். 2011இல் ஆப்பிள் நிறுவனத்தின் இணை நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்தபோது, அவர் சொர்க்க வாசலில், அதைக் காப்பவராகக் கிறிஸ்தவ மரபு கருதும் புனித பேதுருவின் முன் நிற்க, அங்கே பெயர்ப் பதிவேட்டின் இடத்தில் ஐபேட் இருப்பது போன்ற படங்களைப் பலர் வரைந்தார்கள். அதற்கு ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைய வேண்டிய தேவையே இல்லை. இறந்தவர், அவர் செய்த தொழில், சொர்க்க வாசல் ஆகிய மூன்றையும் சேர்த்தால் எவருக்கும் கிடைக்கும் விடைதான் அது.

முதல் யோசனையை ஒதுக்கிய பிறகு மீண்டும் செய்திக்கே திரும்புங்கள். தலைப்பைப் பார்த்து வரைபவர்கள் பலர்; செய்தியின் கடைசிப் பத்தியில் ஒதுங்கிக் கிடக்கும் தொகையையோ, விதிவிலக்கையோ, முடிவால் பாதிக்கப்படுபவரையோ பார்த்து வரைபவர்கள் குறைவு. கிடைத்த யோசனையை ஒரு சோதனைக்கும் உட்படுத்துங்கள்: ஒரு கட்சியை மூழ்கும் கப்பலாக வரைந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்; கப்பலின் மீது எழுதியிருக்கும் பெயரை அழித்து, வேறொரு கட்சியின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ எழுதினாலும் படம் அப்படியே பொருந்துகிறது என்றால், நீங்கள் இன்றைய செய்தியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பழைய உருவகங்களை அறவே தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 1963 நவம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி கொல்லப்பட்டபோது, வாஷிங்டனில் உள்ள லிங்கன் நினைவகத்தில் அமர்ந்திருக்கும் லிங்கன் சிலை முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு துயருறுவதாக அமெரிக்க கார்ட்டூனிஸ்ட் பில் மால்டின் வரைந்தார். கொலையுண்ட ஒரு குடியரசுத் தலைவருக்காக, கொலையுண்ட இன்னொரு குடியரசுத் தலைவர் வருந்துகிறார் என்பதே அந்தப் படத்தின் உயிர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் பலர் கண்ணீர் விடும் சுதந்திர தேவி சிலையை வரைந்தார்கள். அவர்களுடைய துயரம் உண்மையானது என்றாலும், இந்தச் சிலை ஏன் அழ வேண்டும் என்பதற்கு மால்டினிடம் இருந்த துல்லியமான காரணம் அங்கே இல்லை. ஆகவே ஒரு படிமத்தை எடுக்கும்போது, அது முதலில் எந்தக் காரணத்தால் வேலை செய்தது என்று கேட்டு, அதற்கு இணையான காரணம் உங்கள் செய்தியிலும் இருந்தால் மட்டும் எடுங்கள்.

ஜெர்மன் பேரரசின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் பதவி விலகியதை, கப்பலை விட்டு இறங்கும் வழிகாட்டி மாலுமியாக ஆங்கிலேய ஓவியர் ஜான் டெனியல் 1890இல் வரைந்த படத்தைப் போல, வாசகர் அடையாளம் காண வேண்டும் என்பதற்காகவே மீண்டும் வரையப்படும் படங்களும் உண்டு. அப்போது மூல ஓவியரின் பெயரை மூலையில் எழுதிவிடுங்கள். பதிப்புரிமைச் சட்டம் வெளிப்பாட்டைத்தான் காக்கிறது, கருத்தை அல்ல. ஆனால் சட்டம் தடுக்காததாலேயே பிறருடைய யோசனை நம்முடையதாகிவிடாது.

படத்தை ஆசிரியருக்கு அனுப்புமுன், செய்தியின் முக்கியச் சொல்லையும் உருவகத்தையும் சேர்த்து இணையத்தில் ஒரு முறை தேடுங்கள். உங்கள் சொந்தப் படங்களையும் உருவகவாரியாகப் பட்டியலிட்டு வைத்திருந்தால், உங்களையே நகலெடுப்பதும் குறையும். கரட்டு வரைவுகளைத் தேதியிட்டுப் பாதுகாத்து வாருங்கள். இது வேறொருவரின் படம் என்று வாசகர் எழுதினால், யோசனை எப்படி வளர்ந்தது என்பதை அவற்றைக் கொண்டு காட்டலாம், தவறு உங்களுடையது என்று தெரிந்தால் அடுத்த இதழிலேயே மூல ஓவியரின் பெயரை வெளியிடச் சொல்லலாம்.