தீப்பிடித்தால் என்ன செய்வது? குழந்தைகளுக்குப் பழக்கும் முறை

தீயைக் கண்டு அஞ்சும் குழந்தை கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ ஒளிந்துகொள்ளக்கூடும் என்பதால், முதலில் கற்பிக்க வேண்டியது ஒளியாமல் வெளியேறுவதைத்தான். ஒவ்வோர் அறையிலிருந்தும் வெளியேற இயன்றவரை 2 வழிகளைக் குழந்தையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வெளியே அனைவரும் கூட வேண்டிய இடத்தையும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள்.

சூடான புகை மேலே எழுவதால் தரையையொட்டிய காற்றே ஓரளவு தூய்மையாக இருக்கும் என்பதை விளக்கிவிட்டு, கண்களை மூடிக்கொண்டு சுவரைத் தடவியபடி வாசல்வரை தவழச் செய்யுங்கள். (விளையாட்டாகத் தொடங்கினால் மறுநாளும் அவர்களே கேட்பார்கள்.) மூடிய கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பார்க்கவும், அது சுட்டால் திறக்காமல் வேறு வழியை நாடவும் பழக்குங்கள்.

உடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. ஓடினால் காற்றுப் பட்டுத் தீ மேலும் வளரும். நின்று, தரையில் படுத்து, கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, தீ அணையும்வரை உருள வேண்டும். இதைச் சொல்லித் தருவதைவிடச் செய்துகாட்டுவதே பயன் தரும்.

பொம்மைக்காகவோ வளர்ப்புப் பிராணிக்காகவோ வீட்டுக்குள் திரும்பிச் செல்லலாகாது என்பதில் மட்டும் சிறிதும் விட்டுக்கொடுக்காதீர்கள். தீப்பெட்டி, லைட்டர் ஆகியவற்றைக் கண்டால் தொடாமல் பெரியவர்களிடம் தெரிவிக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 2 முறையேனும் ஒத்திகை நடத்துங்கள். அவற்றுள் ஒன்று இரவில் அமையட்டும்.