வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் வயல் மருந்தை எப்படிக் கையாள்வது

பர்மாவில் பெகு பக்கம் நெல் அறுத்த வயலில் எங்களுக்கு உளுந்துதான். மார்கழியில் பூப்பிடிக்கும்போது புழு வரும். என் வீட்டுக்காரர் முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு மருந்து அடிப்பார். இளையவன் என் வயிற்றில் இருந்த மார்கழியிலும் அடித்தார். டாங்கி மூடி கசிந்து, சட்டையின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படிந்திருக்கும். சாயங்காலம் அந்தச் சட்டையையும் கைலியையும் கிணற்றடியில் நான்தான் கசக்குவேன். நாற்றம் போகவில்லை என்று இரண்டாம் முறையும் கசக்குவேன். முழங்கை வரை அந்தத் தண்ணீர்தான். அப்போது எனக்கு ஒன்பதாவது வாரம். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக்கூடாது என்று அவரிடம்கூட வாய் திறக்கவில்லை.

ஆடியில் பையன் பிறந்தான். அவனுக்கு ஒரு பக்கத்து விதை (விரை) விதைப்பைக்குள் இறங்கவே இல்லை. ஒரு வயது தாண்டியதும் ரங்கூனில் ஆபரேஷன் செய்தோம். இப்போது நன்றாக இருக்கிறான். மருந்துதான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். ஒரு பிள்ளையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, எந்தக் காரணமும் தெரியாமலும் நிறைய பேருக்கு வருகிறது என்றார். அது சரிதான். ஆகையால் இதைப் படிக்கிற எந்தத் தாயும் தன்மேல் பழி போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆனால் பலரைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில், மலேரியாவுக்காக வீட்டுச் சுவர்களில் டிடிடி என்ற பூச்சிமருந்து அடித்த கிராமங்கள் உண்டு. அங்கே 3310 ஆண் குழந்தைகளைப் பரிசோதித்து 2010இல் எழுதினார்கள். டிடிடி அடித்த ஊர்த் தாய்மாரின் மகன்களுக்கு விதை இறங்காமை, சிறுநீர்த் துவாரம் இடம் மாறி இருப்பது போன்ற பிறவிக் குறைகள் வரும் வாய்ப்பு 33 சதவீதம் கூடுதலாக இருந்தது. டென்மார்க்கில் கண்ணாடிக் கூடாரத் தோட்டங்களில் பூச்சிமருந்துக்கு நடுவே வேலை செய்த பெண்களின் மகன்களிடமும் இறங்காத விதை கூடுதலாகக் காணப்பட்டது.

காரணமாகச் சொல்வது இதைத்தான். ஆண் சிசுவுக்கு ஏழு வார வாக்கில் விதை உருவாகத் தொடங்குகிறது. அதிலிருந்து சுரக்கும் ஹார்மோன்தான் மற்ற உறுப்புகளை ஆணுக்குரியதாக வடிவமைக்கிறது. ஏறக்குறைய 8 முதல் 14 வாரம் வரை முக்கியமான காலம். சில இரசாயனங்கள் அந்த ஹார்மோனின் வேலையைக் கெடுக்கும். நாம் யாருக்கும் சொல்லாமல் மறைத்து வைக்கிறோமே, அதே வாரங்கள்தான். ஊருக்குச் சொல்ல வேண்டாம். கண்ணேறு பயம் எனக்கும் உண்டு. ஆனால் டாங்கி தூக்குகிற மனுஷனுக்கு, நாள் தள்ளிப்போன அன்றே சொல்லிவிடுங்கள். குழந்தைக்காகக் காத்திருக்கிறவர்கள் அதற்கு முன்பே தொடங்குவது இன்னும் நல்லது.

சொன்ன பிறகு வேலை பெரும்பாலும் ஆண்களுடையது. மருந்து கலக்குவதும் அடிப்பதும் வீட்டிலிருந்து தள்ளி, காற்று வீட்டுப் பக்கம் வீசாத நேரத்தில். கசிகிற மூடிக்கு முதலில் புது வாஷர் போடுங்கள். அடித்து முடித்தவர் வயல் கொட்டகையிலேயே சோப்புப் போட்டுக் குளித்து, வேறு கைலி கட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரட்டும். அந்தத் துணியைக் கையுறை மாட்டிக்கொண்டு அவரே துவைக்கட்டும், தனி வாளியில், மற்ற துணியோடு சேர்க்காமல். அலசிய தண்ணீரைக் கிணற்றடியிலும் வாய்க்காலிலும் ஊற்றக்கூடாது. எங்கள் வீட்டில் இதற்கென்று சிவப்பு வாளி ஒன்று கொட்டகையிலேயே கிடக்கிறது. மருமகள் அதைத் தொடுவதில்லை.

பாட்டிலைக் கட்டிலடியில் வைக்கிற வழக்கத்தை விடுங்கள். காலி பாட்டிலில் எண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் வாங்காதீர்கள், ஓட்டை போட்டு ஒழித்துவிடுங்கள். தாய்லாந்து எழுத்தோ சீன எழுத்தோ மட்டும் இருக்கிற பாட்டில் கடையில் மலிவாகக் கிடைக்கும். என்ன மருந்து, அடித்து எத்தனை நாள் கழித்து வயலுக்குள் இறங்கலாம் என்று படிக்க முடியாததை வாங்கவே வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சியை அடித்த வயலில் களை எடுக்கவோ உளுந்து பறிக்கவோ அனுப்பக்கூடாது. ஆள் பற்றாக்குறை எல்லா வீட்டிலும்தான் இருக்கிறது. அந்தப் பருவம் கூலிக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்டுவிட்டுக் கொசுவலையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் பெரிய ஆபத்து. சுகாதார ஊழியர் தருகிற மருந்து தோய்த்த வலைக்குள்ளேயே படுங்கள். அறைக்குள் ஸ்பிரே அடிப்பதை மட்டும் விட்டுவிடலாம். முகம் வெளுக்கிற கிரீமையும் விடுங்கள், சிலவற்றில் பாதரசம் இருக்கும். கல்லில் உரைத்த தனக்கா மரப்பட்டையே போதும்.

பிறந்தது பையன் என்றால் முதல் வாரத்திலேயே பாருங்கள். வெந்நீரில் குளிப்பாட்டியதும் உடம்பு தளர்ந்திருக்கும். கையைச் சூடாக்கிக்கொண்டு விதைப்பையை மெல்லத் தொட்டால் இரண்டு பக்கமும் சிறு பயறு போல உருளும். ஒன்று தட்டுப்படாவிட்டால் பயப்பட வேண்டாம். முதல் சில மாதங்களில் தானே இறங்குவதுண்டு, குறைமாதப் பிள்ளைக்கு இது சகஜம். ஆறு மாதமாகியும் இறங்கவில்லை என்றால் குழந்தை அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் முடிந்துவிட வேண்டும். "வளர்ந்தால் சரியாகும்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுத் தள்ளிப்போட்டால், பின்னாளில் பிள்ளைப்பேறு பாதிக்கலாம், விதையில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும்.

இரண்டு விதையுமே தட்டுப்படவில்லை என்றால் ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் போங்கள். சிறுநீர் நுனியிலிருந்து வராமல் அடிப்பக்கத்திலிருந்து வந்தாலும் அப்படித்தான். அந்தப் பிள்ளைக்கு, முஸ்லிம் வீடாக இருந்தால், டாக்டர் பார்க்கும்முன் சுன்னத் செய்துவிடாதீர்கள். துவாரத்தைச் சரிசெய்ய அந்தத் தோல் தேவைப்படும்.