தூண்டில் வளைவு மனு எழுதும் முன்

கடல் நாலு வீட்டை இழுத்துக்கொண்டு போனதும் ஊரில் முதலில் எழும் குரல் 'தூண்டில் வளைவு வேணும்' என்பதுதான். வீட்டை இழந்தவர் வேறு என்ன கேட்பார்? கேட்டதில் குறையில்லை. கடலுக்குள் கல்லைக் கொட்டி நீட்டும் அந்தத் தடுப்பை, ஊருக்கு ஒரு மனு, மனுவுக்கு ஒரு டெண்டர் என்று முடித்துவிடுவதுதான் அடிப்படைத் தவறு.

சோழமண்டலக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் வடக்கே நகரும், வாடைக்காலத்தில் தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் கல்லை நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரியும். சென்னைத் துறைமுகம் வந்தபின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை போனதும் இப்படித்தான்.

புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழும்பின. நகரத்துக் கடற்கரை மணலை இழந்தது. கரை நெடுகக் கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்து, விழுப்புரம் மாவட்டத்துச் சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை போனது. மணல் ஒன்றுதான், அதைப் பார்க்கும் அரசுகள் இரண்டு. இந்த ஊருக்குக் கல் போட்டால் வடக்கே அடுத்த ஊருக்கு என்ன ஆகும் என்று கேட்க வேண்டிய மேசை இரண்டு பக்கமும் இருப்பதில்லை.

ஒரு முகத்துவாரத்திலிருந்து அடுத்த முகத்துவாரம் வரை ஒரே திட்டமாகப் பார்க்க வேண்டும். தெற்கே தேங்கும் மணலை வாரி வடக்கே கொட்டவும் செய்யலாம். ஆனால் அதற்கு வருடாவருடம் பணம் ஒதுக்க வேண்டும், திறப்பு விழாவும் கிடையாது. அதனால்தான் பெரும்பாலும் கல்லே ஜெயிக்கிறது.

அடுத்தது, யாரிடம் கேட்பது என்ற குழப்பம். ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்டால் மீனவர்களிடம் கேட்டாயிற்று என்று ஃபைல் நகர்ந்துவிடும். பல இடங்களில் ஓர் ஊராட்சிக்குள் விவசாய ஊர்களும் இருக்கும், குப்பத்துக்கு ஒன்றிரண்டு வார்டுதான் இருக்கும். கடல் விவகாரத்தைப் பேசி முடிப்பது, தேர்தலில் வரும் ஊராட்சி அல்ல, மீனவர்களின் பாரம்பரிய ஊர்ப் பஞ்சாயத்து. சரி, அங்கே மட்டும் கேட்டால் போதுமா? அதுவும் போதாது. அந்தக் கூட்டத்தில் பொதுவாகப் பெண்களுக்கு இடமில்லை. கருவாடு காயப்போடும் இடம் போனால் முதலில் அடி வாங்குவது அவர்கள்தான். 2004 சுனாமி நிவாரணத்திலேயே, ஊர்ப் பஞ்சாயத்துப் பட்டியலுக்கு வெளியே இருந்த பலர் விடுபட்டார்கள்.

கரையைக் காக்க மரம் நடுவதில் நடக்கும் தவறைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மணல்மேட்டின் மேல் சவுக்கை நட்டுவிட்டு 'உயிர்வேலி' என்கிறார்கள். காற்றோடு நகரும் மேட்டுக்கு அடும்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லுமே பொருத்தம். அலையாத்திக் கன்றையும் உப்பு ஏறிக் காய்ந்த சேற்றில் நட்டால் பிழைக்காது. பிச்சாவரத்தில் முதலில் வாய்க்கால் வெட்டி ஓதநீர் (ஏறி இறங்கும் கடல்நீர்) வந்துபோக வழி செய்தார்கள், அதன் பிறகே நட்டார்கள்.

கடைசியாக, அரசு போடும் கடற்கரைத் திட்ட வரைபடம். படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் பயன்படும் மணல்வெளி, பட்டா இல்லாததால் 'காலியிடம்' ஆகிவிடுகிறது. அடுத்து அங்கே பூங்காவோ சாலையோ வரும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி மீன் உலர்த்தும் இடம், மீனவர் பொதுச்சொத்து, அவர்களின் வருங்கால வீட்டுத்தேவை எல்லாம் திட்ட வரைபடத்தில் வர வேண்டும். அதே அறிவிக்கையின்படி, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவில் பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்த மூவர் யார் என்று மனு எழுதும் முன் கேட்டுப் பாருங்கள். அப்புறம் வரைவு வரைபடத்தை அச்செடுத்துக் கரைக்கே கொண்டுபோங்கள். எந்தப் படகு எங்கே ஏறும், மழைக்காலத்தில் எதுவரை தண்ணீர் வரும் என்று அங்கிருப்பவர்களையே குறிக்கச் சொல்லி, அந்தத் தாளையும் மனுவோடு இணையுங்கள்.