ஆவி உலவுவதாகச் சொல்லப்படும் பழைய சத்திரத்தில் இரண்டு இரவுகள்: என்ன செய்வது, எதை எழுதுவது

இங்கிலாந்தில் குதிரை வண்டிக் காலத்துச் சத்திரம் என்றால் கூடவே ஒரு ஆவிக் கதையும் இருக்கும். கார்ன்வாலின் போட்மின் பொட்டல்வெளியில் 1750-ல் கட்டிய ஜமைக்கா இன், சசெக்ஸில் ரை என்ற ஊரின் கூழாங்கல் தெருவில் நிற்கும் மெர்மெய்ட் இன், இரண்டிலும் இன்றைக்கும் அறை எடுத்துத் தங்கலாம். லண்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு ரை பக்கம்தான். செயின்ட் பாங்க்ரஸில் ரயில் ஏறி ஆஷ்ஃபோர்டில் மாறினால் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்.

இந்த அறைகளில் நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். நடந்ததை எழுதி வைக்கும் முன்பே அதற்குப் பெயர் வைத்துவிடுகிறார்கள். ஒருவர் ‘ஆவி’ என்கிறார், மற்றவர் ‘குழாய்ச் சத்தம்’ என்கிறார். இருவருமே எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. கீழே சொல்வதெல்லாம் எழுந்து போய்ப் பார்ப்பதற்கான வழிகள்.

அறை பிடிக்கும்போது

ஒரே அறையில் இரண்டு இரவுக்குக் குறைந்து எடுக்காதீர்கள். புது இடத்தில் முதல் இரவு யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது. 2016-ல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு காரணம் காட்டினார்கள்: முதல் இரவில் மூளையின் இடப்பாதி ஆழ்ந்து உறங்காமல் ஓரளவு காவல் இருக்கிறது, சின்னச் சத்தத்துக்கும் எழுப்பிவிடுகிறது. அதனால் முதல் இரவில் கேட்டது இரண்டாம் இரவில் அதே நேரத்துக்குக் கேட்கிறதா என்று பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது. ஒரே நேரத்துக்கு வருவது பெரும்பாலும் இயந்திரம். வராமல் போனால் அந்தக் குறிப்பு இன்னும் மதிப்புள்ளது.

அக்டோபர் முதல் வாரம் நல்ல காலம். ஆறரை மணி வாக்கில் சூரியன் மறையும், அதற்கு முன் அறையைப் பார்க்க வெளிச்சம் கிடைக்கும். டிசம்பரில் நான்கு மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் பத்து மணி வரை வானம் முழுதாக இருளாது. அக்டோபர் கடைசியில் வரும் பேய்த் திருநாளான ஹாலோவீன் வாரத்தை விட்டுவிடுங்கள். சத்திரம் முழுக்கக் கூட்டம் இருக்கும், மாடியில் கேட்கும் காலடி யாருடையது என்று கண்டுபிடிக்கவே முடியாது. கட்டணம் வாங்கிப் பத்துப் பதினைந்து பேரை இரவு முழுக்கச் சுற்றிக் காட்டும் கூட்டங்களுக்கும் இதே குறைதான்.

இருவராகப் போவது நல்லது. ஒருவர் மட்டும் அந்த அறையின் கதையைப் படிக்கட்டும், படித்ததை எழுதி உறையில் ஒட்டி வைக்கட்டும். மற்றவர் ஒன்றும் தெரியாமல் வரட்டும். இது ஏன் முக்கியம் என்பதற்கு எடின்பரோ நிலவறைகளில் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் குழு செய்த ஆய்வு நல்ல சான்று. 2003-ல் வெளியான அந்த ஆய்வில், ‘ஆவி உண்டு’ என்று பெயர் வாங்கிய அறைகளில்தான் மக்களுக்கு வினோத உணர்வுகள் அதிகம் ஏற்பட்டன. முன்கூட்டிக் கதை தெரியாதவர்களுக்கும் அப்படித்தான். அதே சமயம் அந்த அறைகள் அளவிலும் வெளிச்சத்திலும் மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருந்தன. ‘எல்லாம் கற்பனை’ என்று சொன்னவர்களுக்கும் அதில் பதில் இருக்கிறது, ‘எல்லாம் ஆவி’ என்று சொன்னவர்களுக்கும் இருக்கிறது.

கதையைப் படிப்பவர் அதைச் சரிபார்க்கவும் வேண்டும். மெர்மெய்டின் நிலவறை 1156-ஐச் சேர்ந்தது, மேல்கட்டடம் 1420-ல் மறுபடி எழுப்பியது என்கிறார்கள். ஹாக்ஹர்ஸ்ட் கடத்தல் கும்பல் அங்கே கூடியது பதினெட்டாம் நூற்றாண்டில். கும்பலின் தலைவன் தாமஸ் கிங்ஸ்மில் 1749-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்டான். அவனுடைய வழக்கு நடந்த ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையான பதிவுகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். 16-ஆம் அறையில் இரண்டு பேர் வாள் சண்டை போடுவதைக் கண்டதாகச் சொல்வது வேறு வகை. அது வாய்வழியாக வந்தது. இரண்டையும் ஒரே எடையில் வைக்காதீர்கள். (இதைப் படித்துவிட்டதால் நீங்கள் 16-ஆம் அறையை எடுக்க வேண்டாம்.) இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களுக்கான அரசுப் பட்டியலிலும் சத்திரத்தைத் தேடிப் பாருங்கள். எந்தச் சுவர் எந்த நூற்றாண்டு என்று அதில் பெரும்பாலும் இருக்கும். 1600-ல் நடந்ததாகச் சொல்லும் கொலை, 1800-ல் கட்டிய அறைக்குள் நடந்திருக்காது.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை: அறை மதுக்கூடத்துக்கு மேலா, பீர் நிலவறையின் குளிர்பதன இயந்திரம் எந்தப் பக்கம், ஹீட்டர் எத்தனை மணிக்கு அணைந்து எத்தனை மணிக்கு எரியும், விறகு அடுப்பு உண்டா, பக்கத்து அறையில் ஆள் உண்டா.

பையில் என்ன இருக்க வேண்டும்

முதலில் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. பழைய சத்திரங்களில் கணப்பும் விறகு அடுப்பும் சாதாரணம். புகைபோக்கி அடைத்தால் இந்த வாயு அறைக்குள் தங்கும், மணமும் நிறமும் கிடையாது. தலைவலி, குமட்டல், காரணமில்லாத பயம், காதில் சத்தம் எல்லாம் வரலாம். 1921-ல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் வெளியிட்ட ஒரு குடும்பத்தின் அனுபவம் இதற்கு எடுத்துக்காட்டு. வீட்டில் காலடிச் சத்தம், கண்ணுக்கு முன் உருவங்கள், படுக்கையில் யாரோ அழுத்துவது என்று அவதிப்பட்டவர்களின் வீட்டில் உலை பழுதாகி வாயு கசிந்துகொண்டிருந்தது. ஐரோப்பியத் தரத்து அலாரம் 50 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு) அளவில் 60 முதல் 90 நிமிடத்திலும், 300 பிபிஎம் அளவில் 3 நிமிடத்துக்குள்ளும் அலறும். அலறினால் ஜன்னலைத் திறந்து, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள். ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

அடுத்து ஒலிப்பதிவுக் கருவி. அதன் அமைப்பில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் (WAV) கோப்பு வடிவம் என்று வையுங்கள். ஸ்டீரியோவில் மணிக்கு ஒரு ஜிபி ஆகும், எட்டு மணி நேர இரவுக்கு 16 ஜிபி அட்டை போதும். ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் அமைதியான நேரத்தில் கருவி தன் சொந்த இரைச்சலையே பெரிதாக்கும், அந்த இரைச்சலில்தான் பலருக்குப் ‘பேச்சு’ கேட்கிறது. தரையில் நேராக வைக்காமல் நான்காக மடித்த துண்டின் மேல் வையுங்கள்.

வெப்பநிலையைப் பதிவுசெய்யும் சிறு கருவிகள் இரண்டு, நிமிடத்துக்கு ஒரு பதிவு. துப்பாக்கி போல நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானியை நம்ப வேண்டாம். அது காற்றின் வெப்பத்தை அளப்பதில்லை, எதிரே இருக்கும் சுவரின் மேற்பரப்பை அளக்கிறது. கண்ணாடி ஜன்னல் பக்கம் திருப்பினால் எப்போதும் ‘குளிர்ந்த இடம்’ கிடைக்கும். இரண்டு கருவிகளையும் முதலில் ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மலிவான கருவிகளுக்குள் அரை டிகிரி வித்தியாசம் சகஜம். இதைச் செய்யாமல் ‘கதவோரம் அரை டிகிரி குறைந்தது’ என்று எழுதினால் அதற்குப் பொருளே இல்லை.

மின்காந்த அளவி விருப்பம்தான். அது பழைய மின்கம்பி எங்கே ஓடுகிறது என்று காட்டும், அவ்வளவுதான். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடாமல் அளவியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அதன் விளக்குகள் பாய்ந்து பாய்ந்து எரியும்.

இவற்றோடு சிவப்பு ஒளி டார்ச், தையல் நூல் ஒரு உருண்டை, கோலிக்குண்டு ஒன்று, கறுப்பு டேப், பென்சில், இரண்டு நோட்டுப் புத்தகங்கள். இரண்டு பேரின் கடிகாரமும் ஒலிப்பதிவுக் கருவியின் கடிகாரமும் நொடி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

வெளிச்சம் இருக்கும்போதே

கோலிக்குண்டைத் தரையில் வையுங்கள். மரச்சட்டக் கட்டடங்களில் தரை சாய்ந்திருக்கும், குண்டு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் அம்பு போட்டு அறையின் படம் ஒன்று வரைந்துகொள்ளுங்கள். கட்டடம் சாய்ந்தால் கதவு நிலையும் சாயும். அப்படிப்பட்ட கதவு, தாழ் சரியாக விழாவிட்டால், தன் எடையாலேயே திறந்துகொள்ளும். ஒவ்வொரு கதவையும் பாதி திறந்து விட்டுவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள்.

பிறகு நூல் சோதனை. ஊதுபத்திப் புகை இதற்கு வசதிதான், ஆனால் விடுதி அறையில் புகை அலாரம் இருக்கும். அதனால் ஊதுபத்தி வேண்டாம், கற்பூரம் வேண்டவே வேண்டாம். ஒரு முழம் தையல் நூலின் நுனியில் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டைக் கட்டி, கணப்பின் வாயில், ஜன்னல் சட்டத்தின் ஓரம், கதவின் அடி, தரைப்பலகை இடுக்கு என்று மெதுவாகக் கொண்டுபோங்கள். உங்கள் மூச்சு படாமல் கையை நீட்டிப் பிடியுங்கள். கணப்பு எரியாத போதும் காகிதம் உள்ளே இழுபடுவதைப் பார்ப்பீர்கள், சில இரவுகளில் அறைப் பக்கம் தள்ளப்படும். வெளியே குளிர்ந்ததும் புகைபோக்கி வழியே கனத்த காற்று கீழே இறங்கித் தரையோடு ஊர்ந்து வரும், கட்டில் காலடியில் சில்லென்று படும். பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் நினைத்தபடி ஜன்னலை மாற்ற முடியாது என்பதால், பல இடங்களில் இன்னும் ஒற்றைக் கண்ணாடிதான்.

ரேடியேட்டர், குளிர்சாதனப் பெட்டி, குளியலறை விசிறி ஒவ்வொன்றையும் போட்டு, அணைத்து, அந்தச் சத்தங்களைத் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். விசிறியைப் பற்றி ஒன்று: 1998-ல் பிரிட்டிஷ் பொறியாளர் விக் டாண்டி, தன் ஆய்வகத்தில் எல்லாரையும் அச்சுறுத்திய சாம்பல் நிற உருவத்துக்குப் புதிதாக மாட்டிய விசிறி எழுப்பிய 19 ஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வே காரணம் என்று எழுதினார். அது காதுக்கு எட்டாத ஒலி. எல்லா அறைக்கும் இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் விசிறியை அணைத்ததும் மனக்கலக்கம் தணிகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. கைப்பேசிச் செயலியில் இந்த ஒலியை அளக்க முயல வேண்டாம், அதன் மைக் அதற்கானதல்ல.

இரவில்

மதுக்கூடம் கீழேயே இருக்கிறது என்று குடித்துவிட்டு உட்கார்ந்தால் அந்த இரவுக் குறிப்பு வீண். விளக்கை அணைத்து, கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் கொடுங்கள். கருவிகளில் எரியும் சின்னப் புள்ளி விளக்குகளைக் கறுப்பு டேப்பால் மூடுங்கள். கும்மிருட்டில் ஒற்றை ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்தால் அது அசைவதாகவே தெரியும், ஏறக்குறைய எல்லாருக்கும். மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்காரவும் வேண்டாம். பலருக்கு ஒரு நிமிடத்திலேயே சொந்த முகம் வேறு முகமாக உருகத் தொடங்கும். இத்தாலிய ஆய்வாளர் ஜொவான்னி கபுட்டோ 2010-ல் இதை விரிவாகப் பதிவு செய்தார். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் மிதக்கும் வெள்ளை உருண்டைகள், லென்சுக்கு அருகே பறந்த தூசி.

நீங்கள் எழுப்பும் ஒவ்வொரு சத்தத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘இது என் செருப்பு’, ‘இது என் வயிறு’. மறுநாள் கேட்கும்போது இதன் அருமை தெரியும். ஏதாவது கேட்டால் இருவரும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியே எழுதுங்கள்: நேரம், திசை, எவ்வளவு நேரம் நீடித்தது, எதைப் போல இருந்தது. ‘யாரோ நடந்தார்கள்’ என்று எழுதாதீர்கள். ‘மரத்தில் ஐந்து தட்டல், ஒன்றுக்கொன்று அரை நொடி’ என்று எழுதுங்கள். ஒருவர் பேசிவிட்டால் மற்றவரின் நினைவும் அதற்கேற்ப மாறிவிடும், அதைத் திரும்பப் பெற வழியில்லை.

தட்டல் சத்தத்துக்கு இங்கிலாந்தின் பழைய கட்டடங்களில் ஒரு காரணம் உண்டு. ஏப்ரல் முதல் ஜூன் வரை, பழைய ஓக் உத்தரங்களுக்குள் வாழும் ஒரு வண்டு இணையை அழைக்கத் தன் தலையால் மரத்தைத் தட்டும். சாவு வீட்டில் இரவு விழித்திருப்பவர்களுக்கு அது கேட்டதால் ‘சாவுக் காவல் வண்டு’ என்றே பெயர் விழுந்துவிட்டது. விட்டு விட்டு, ஒரு தடவைக்கு நான்கைந்து முதல் பத்துத் தட்டல் வரை, சீராக வரும். ‘ஆமாம் என்றால் தட்டு’ என்று கேட்டு மேசையைத் தட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது: அந்த வண்டு பதில் தட்டும். பென்சிலின் பின்நுனியால் உத்தரத்தில் அதே வேகத்தில் ஏழெட்டுத் தடவை தட்டிப் பாருங்கள். பதில் வந்தால் காதை உத்தரத்தோடு ஒட்டி வையுங்கள், கீழே சீனிபோலக் கரடுமுரடான மரத்தூள் கொட்டிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். அக்டோபரில் அதே தட்டல் கேட்டால் வண்டு என்று எழுதிவிடாதீர்கள், அது அதன் காலமல்ல. ஹீட்டர் அணைந்து ஒரு மணி நேரத்துக்குள் என்றால் குழாயும் மரமும் சுருங்கும் சத்தமாக இருக்கலாம். அதற்கும் ஒத்துவராவிட்டால் ‘காரணம் கிடைக்கவில்லை’ என்று எழுதி நேரத்தைப் போடுங்கள்.

தூங்கும்போது ஒருக்களித்துப் படுங்கள். நெஞ்சின் மேல் ஏதோ உட்கார்ந்து அமுக்குவது, கத்த முடியாமல் போவது, கட்டிலருகே ஆள் நிற்பது, இவற்றை நம் ஊரில் அமுக்குவான் பேய் என்போம். கனவு நிலையில் உடல் தளர்ந்திருக்கும்போதே மனம் விழித்துக்கொள்வதால் இது நேர்கிறது, மல்லாந்து படுப்பவர்களுக்கும் தூக்கம் கெட்டவர்களுக்கும் அதிகம். வந்தால் எழ முயன்று போராடாதீர்கள். ஒரு விரல் நுனியை அசைப்பதிலும் மூச்சிலும் மட்டும் கவனம் வையுங்கள், பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் விடும். திருநீறு பூசிப் படுத்தால் நிம்மதி என்றால் பூசிக்கொள்ளுங்கள், அதையும் நோட்டில் குறியுங்கள். மன அமைதியும் அந்த இரவின் நிலவரத்தில் ஒரு பகுதி.

இறந்தவர்களைச் சீண்டிக் கூப்பிடுவது வேண்டாம். அந்தப் பெயர்களில் பல, உண்மையில் வாழ்ந்து துன்பப்பட்டுச் செத்த மனிதர்களுடையவை. பக்கத்து அறையில் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

விடிந்த பிறகு

முதலில் இரண்டு நோட்டுகளையும் ஒப்பிடுங்கள், அதன் பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். ஒலிப்பதிவைக் கேட்கும்போது, ‘இதில் ஒரு வார்த்தை இருக்கிறது’ என்று மற்றவருக்கு முன்பே சொல்லாதீர்கள். மூன்றாவது ஒருவரிடம் பத்துத் துண்டுகளைக் கொடுத்து, ஒன்பதை வெறும் அறைச் சத்தமாக வைத்து, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். அவரும் அதே துண்டில் அதே வார்த்தையை எழுதினால் மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும் முன், அறைகளைச் சுத்தம் செய்யும் பணியாளர் யாராவது இருந்தால் அவரிடம் பேசுங்கள். ‘ஆவி பார்த்திருக்கிறீர்களா’ என்று கேட்காமல், ‘இந்த அறையில் வழக்கமாக என்ன சத்தம் வரும்?’ என்று கேளுங்கள். எந்தக் குழாய் எத்தனை மணிக்கு முட்டும், எந்தக் கதவு நிற்காது என்று அவர்களுக்குத் தெரியும். எந்த அறைக்குத் தனியாகப் போவதில்லை என்பதையும் சிலர் சொல்வார்கள். அதையும் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, தேதி போட்டு, உறைக்குள் வையுங்கள்.