ஸ்பீக்கர் தொங்கவிடும் வேலை: ரிக்கிங் சொற்களைச் சரியாகப் பிடித்துக்கொள்வது எப்படி

ஷிப்யார்டில் ரிக்கராக (கனமான சரக்கைக் கட்டித் தூக்குகிறவராக) இருந்துவிட்டு மேடை வேலைக்கு வருகிறவர்களுக்கு ஷேக்கிள் (கழற்றிப் பூட்டும் இரும்பு வளையம்), ஸ்லிங் (சரக்கைச் சுற்றிக் கட்டும் பட்டை) எல்லாம் கைப்பழக்கம்தான். ஆனால் இங்கே தூக்கிய சரக்கு உடனே இறங்காது, நிகழ்ச்சி முடியும்வரை ஆட்களின் தலைக்கு மேலேயே நிற்கும், அதனால் ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் விலை பெரியது.

முதலில் "பாயிண்ட்". கூரையிலோ டிரஸ்ஸிலோ (மேடைக்கு மேலே வரும் உலோகச் சட்டகம்) எடை தாங்க அனுமதித்த இடம். அதற்கு எழுதியிருக்கும் கிலோ கணக்கு ஸ்பீக்கருக்கு மட்டும் இல்லை. கே2 என்ற மாடல் ஸ்பீக்கர் பெட்டி ஒன்று 56 கிலோ, 12 பெட்டி என்றால் 672. அதோடு பம்பர் (பெட்டிகளின் தலைமேல் வரும் இரும்புச் சட்டம்), கேபிள், ஷேக்கிள், மோட்டார், அதன் சங்கிலி எல்லாமே சேரும். மோட்டாரை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

"மோட்டார்" என்றால் மின்சாரச் செயின் பிளாக். பெரும்பாலும் தலைகீழாகத்தான் மாட்டுவோம், கொக்கி மேலே, உடம்பு கீழே, சங்கிலியைப் பிடித்து அதுவே ஏறும். அதில் டி8 (மோட்டாரின் பாதுகாப்புத் தரம்) என்று போட்டிருந்தால், கீழே ஆள் நிற்கும் இடத்தில் தனியாக இரண்டாவது தாங்கல் கட்டாயம் வேண்டும், இதைத்தான் "சேஃப்டி" என்கிறோம். டி8 பிளஸ் அது இல்லாமல் அசையாமல் பிடித்து நிற்கலாம், ஆனால் ஏற்றி இறக்கும்போது கீழே யாரும் நிற்கக்கூடாது. சேஃப்டி கம்பியைத் தொய்வாக விடாதீர்கள், அரை மீட்டர் விழுந்து நின்றாலும் அந்த வெட்டு இழுப்பு சரக்கின் எடையைப்போலப் பல மடங்கு இருக்கும்.

அடுத்தது "பிரிடில்". நமக்கு வேண்டிய இடத்துக்கு நேர் மேலே பாயிண்ட் இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்து இரண்டு பாயிண்டிலிருந்து இரண்டு காலாக இழுத்துச் சேர்ப்பது. 500 கிலோவை இரண்டு கால் பிடித்தால் ஆளுக்கு 250 என்று நினைப்பது பெரிய தப்பு! கால்களுக்கு நடுவே 60 பாகை இருந்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 289 கிலோ, 120 பாகை ஆனால் ஒவ்வொரு காலிலும் முழு 500 கிலோ, 150 ஆனால் சுமார் 966. உயரம் பற்றவில்லை என்று காலைப் படுக்கவைக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், யார் சொன்னாலும்.

"டபிள்யூஎல்எல்" (வொர்க்கிங் லோடு லிமிட்) ஷேக்கிளில் அடித்திருக்கும் எண், அன்றாட வேலைக்கு அதுதான் எல்லை, உடையும் அளவு அதைவிட அதிகம் என்பதால் தாண்டலாம் என்று அர்த்தமில்லை. ரவுண்ட் ஸ்லிங்கில் பச்சை 2 டன், மஞ்சள் 3 டன், ஆனால் மேடையில் கறுப்பு ஸ்லிங்தான் அதிகம், நிறம் சொல்லாது, சீட்டைப் படியுங்கள். சுருக்குப் போட்டுக் கட்டினால் 80 சதவீதம்தான் கணக்கு.

சிங்கப்பூரில் லிஃப்டிங் கியரை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வாளர் 12 மாதத்துக்கு ஒருமுறை பார்த்திருக்க வேண்டும், சான்றிதழ் தேதியைக் கேட்பது உங்கள் உரிமை.

அப்புறம், தியேட்டர்களில் "இன்" என்றால் கீழே இறக்கு, "அவுட்" என்றால் மேலே ஏற்று. புதியவர் குழம்புவது இங்கேதான். பட்டனைத் தொடுமுன் "மேலேயா, கீழேயா?" என்று தமிழிலேயே திருப்பிக் கேளுங்கள்.